அந்த டிரம்ஸ் சுகந்தியுடையது அல்ல

சுகந்தி இறந்துவிட்டாள் என்று அவளுடைய தம்பி, நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் தொலைபேசியில் சொன்னான். மூளையில் இரத்தக் கசிவு. வயது முப்பத்து நான்கு. மூன்றாம் நாள் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் சிறு குறிப்பு வந்தது. தன் இசைக்குழுவின் அந்தப் பெரிய ஆல்பத்தில் அவர் வாசித்த டிரம்ஸ் என்றும் நிலைக்கும் என்று முடித்திருந்தார்கள். பத்திரிகையைக் கசக்கி எறிந்தேன். அவளைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுத உட்கார்ந்திருக்கும் இப்போதும் அந்தக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்ற விருப்பமும் எனக்கு இல்லை.

அவளை முதலில் பார்த்தது சிட்னியின் லிட்கமில், அவர்கள் வீட்டுக் கராஜில். அவளும் பள்ளியில் கூடப் படித்த இரண்டு வெள்ளைக்காரப் பையன்களும் பொப் பங்க் என்ற வேகமான ரொக் இசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ் அவள். எங்கள் தமிழ் மாத இதழுக்காக எழுதப் போயிருந்தேன். எட்டு வருடம் மிருதங்கம் படித்தவன் என்ற திமிர் எனக்கு. பல்லவி வரும்போதெல்லாம் அவள் வேகத்தைக் கூட்டினாள். பையன்கள் அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். "காலப்பிரமாணம் நிக்கேல்லையே பிள்ளை" என்றேன். "ஏன் நிக்கோணும் அண்ணா? பஸ்ஸப் பிடிக்க ஓடுற மாதிரி இருக்கோணும் பாட்டு" என்று சிரித்தாள். அவர்கள் தாங்களே வெளியிட்ட முதல் சீடி முழுக்க அந்த ஓட்டம்தான். கூட்டம் அதற்காகவே வந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் பெரிய இசைக் கம்பனி ஒன்று அவர்களை எடுத்தது. மெல்பேர்னில் ஒலிப்பதிவு. காதுக்குள் டிக் டிக் என்று தாளம் ஓட, அதற்குள் அடங்கி அவள் வாசிக்க வேண்டும். ஆல்பம் வந்ததும் பழைய ரசிகர்கள், விலைபோய்விட்டார்கள் என்று திட்டினார்கள். விமர்சகர்களோ டிரம்ஸைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். 'காலப்பிரமாணம் இம்மியும் பிசகவில்லை. சுகந்தி தேறிவிட்டாள்' என்று எழுதினேன். பஸ்ஸுக்கு ஓடுகிறவள் எங்கே போனாள் என்று இந்த மிருதங்கக் காதுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இதழ் வெளியான வாரம் ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடைக்கு வரச் சொன்னாள். வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அது நான் இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"ரெண்டு கிழமை நான் அடிச்சனான். நாங்கள் சிட்னிக்குத் திரும்பி வந்தாப் பிறகு வேற ஒராளைக் கூப்பிட்டு எல்லாப் பாட்டுக்கும் திரும்ப அடிப்பிச்சிருக்கினம். சீடியப் போட்டுக் கேட்டாப் பிறகுதான் எனக்கே தெரியும். பெடியளுக்கு முதலே தெரியும். என்ர பேரையும் போட்டிருக்கினம் பாருங்கோ, அதுதான் எனக்கு வயிறு எரியுது."

எழுதட்டுமா என்று கேட்டேன். வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். "வேண்டாம். பெடியளின்ர பிழைப்புப் போயிடும்" என்றாள். சரி என்றேன். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டேன். பொய். என் பிழையை நானே அச்சில் ஒத்துக்கொள்ளும் வேலை மிச்சமாயிற்று என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். கம்பனிமேல் வரும் ஆத்திரத்தில் பாதி என்மேல் வரவேண்டியது.

அந்த ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். மெல்பேர்ன் மேடையில் அவள் தன் பாட்டுக்கு ஓடி வாசித்தாள். முன்வரிசையில் ஒருவன், சீடியில் இருப்பது போல வாசிக்கத் தெரியாதா என்று கத்தினான். தன்னைப் போலவே வாசித்ததற்காக ஒருத்தி திட்டு வாங்கியதை நான் நேரில் பார்த்தேன். இரண்டு மாதத்தில் விலகினாள். அவள் களைத்துவிட்டாள் என்று பையன்கள் பேட்டி கொடுத்தார்கள். அவள் களைக்கவில்லை. அவளை அழித்துவிட்டு, அவளுடைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மெல்பேர்னுக்குப் பக்கத்தில் வெரிபீயில் வீடு எடுத்து, மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். பையன்கள் இருவரும் இன்று நன்றாகவே இருக்கிறார்கள். இனி நான் யாருக்காக மறைக்க வேண்டும்?

செத்த வீட்டுக்கு லிட்கமுக்குப் போனேன். குசினிக்குள் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் என் விமர்சனம், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தமிழில அவளைப் பற்றி நல்லதா எழுதினது நீங்கள் ஒராள்தான் தம்பி" என்றார். சுகந்தி உண்மையை அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்ரி அழவில்லை. "அப்ப என்ர பிள்ளை அடிச்சது எங்க?" என்று கேட்டார்.

"அழிச்சுப் போட்டினம் அன்ரி."

அவர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, சட்டத்தைக் கழற்றினார். சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இது உங்கட. கொண்டு போங்கோ."

சுகந்தியின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். என் எழுத்து மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். ஐந்து வருடமாக, லிட்கமில் அம்மாவைப் பார்க்கப் போனபோதெல்லாம், அவள் அதன் கீழே உட்கார்ந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சோறு சாப்பிட்டிருக்கிறாள்.