கருவிக்குச் சட்டை தைத்த பாலேஸ்வரி

கோப்பாய் பாலேஸ்வரி அக்கா தைத்த பிளவுஸ் எதுவும் இருபத்தேழு வருடங்களில் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்வார். அளவெடுக்கும்போது சொல்வார், கொடுக்கும்போது சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவரை எங்கள் குழுவுக்குக் கூட்டிவந்தவள் நிவேதனா. நாங்கள் ஐந்து பேர், இந்தியாவில் ஒரு மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்காக அகச்சிவப்புக் கமரா ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். நிவேதனா தலைவி, காற்றை உறிஞ்சும் பம்பு என் பொறுப்பு. விண்மீனின் வெப்பத்தைப் பார்க்கவேண்டிய கமரா தானே சூடாக இருந்தால், தன் சூட்டைத்தான் படம் பிடிக்கும். அதனால் தேத்தண்ணீர்ப் பிளாஸ்க் மாதிரி ஒரு பாத்திரத்துக்குள் இன்னொன்றை வைத்து, இடையிலுள்ள காற்றை எடுத்து, உள்பாத்திரத்தைப் பூச்சியத்துக்குக் கீழே இருநூறு பாகைக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிச்சூடு அண்டாமல் அந்த உள்பாத்திரத்துக்கு மினுங்கும் மெல்லிய தாளில் இருபது அடுக்குச் சட்டை போடவேண்டும். நான் தைத்துப் பார்த்தது தலையணை உறையாக வந்தது.

அக்கா கருவியைச் சுற்றிவந்து நாடாவால் அளந்தார்.

"உதுக்குக் கையுமில்லை, கழுத்துமில்லை. பிறகென்ன கஷ்டம்?"

நான்கே நாளில் தைத்துத் தந்தார். அத்தனை அழகு.

சட்டையைப் போட்டுக் கருவியை மூடி, பம்பை ஓடவிட்டோம். குளிர் நூற்றிருபது பாகையோடு நின்றுவிட்டது. இரண்டு நாள் மன்றாடியும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை காங்கேசன்துறையில் கப்பலேற்றாவிட்டால், தொலைநோக்கியில் எங்களுக்கு ஒதுக்கிய நாட்கள் வேறு ஆட்களுக்குப் போய்விடும். எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். காற்றுக் கசிகிறதென்றால் பம்புக்காரன்தானே! அக்காவின் தையலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்தாலும் அதைச் சொல்ல யாருக்குத் துணிவு?

விஷயம் கேள்விப்பட்டு புதன்கிழமை பின்னேரம் அக்காவே வந்துவிட்டார்.

"திறவுங்கோ பாப்பம்."

திறந்தோம். சட்டையின் கீழ்க்கரையை விரலால் தடவியவரின் முகம் மாறியது. அங்கே இரண்டு விரல் அகலம் கூடுதலாக விட்டு மடித்திருந்தார். மடிப்பு அவிழ்ந்து வெளிப்பாத்திரத்தில் முட்டி, வெளிச்சூட்டை உள்ளே கடத்திக்கொண்டிருந்தது. அவரைத் தவிர ஒருவரும் அதைக் காணவில்லை. பேசாமல் நறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். நானென்றால் அதைத்தான் செய்திருப்பேன்.

"என்ரை பிழை," என்றார். "தம்பியை ஏசாதேங்கோ. பம்பில ஒண்டுமில்லை. நாளைக்கு உடம்பு வைச்சாப் பிரிச்சு விடலாமெண்டு கை தன்பாட்டில துணி விட்டிட்டுது."

குளிரில் கருவி சுருங்குமே தவிர உடம்பு வைக்காது என்று விளக்க நிவேதனா வாயெடுத்தாள். அக்காவின் கண் கலங்கியிருப்பதைக் கண்டு மூடிக்கொண்டாள். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அக்கா மிச்சத்தை வெட்டினார். வியாழன் இருநூறைத் தொட்டோம். வெள்ளி பெட்டி கப்பலேறியது.

சனிக்கிழமை நன்றி சொல்லப் போனேன். அக்கா பிழையை ஒப்புக்கொண்ட கதை எனக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தது. வாசலில் ஆறு பெண்கள், ஆளுக்கொரு பையோடு. முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு றஜனி.

"என்னது?" என்றார் அக்கா.

"பிளவுஸ் அக்கா. கமக்கட்டில பிடிக்குது, கையைத் தூக்கேலாது."

"எப்ப தைச்சது?"

"ஒன்பது வருசம்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"உங்களிட்டைப் பிழையெண்டு சொல்லிப்போட்டு ஆர் இந்த ஒழுங்கையில இருக்கிறது? மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தம்."

அக்கா ஆறு பைகளையும் பார்த்தார். பிறகு நாடாவை எடுத்து றஜனியின் நெஞ்சைச் சுற்றிப் போட்டார்.

"இப்ப நல்லா மூச்சு எடும், பிள்ளை," என்றார்.