சைனபுவின் நாற்பது ஜோடி

அன்று காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவில் இருக்கக் காரணம் உண்டு. சைனபு கடையை விட்டுப் புறப்படும்போது தன் வெறும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி என்னிடம் மணி கேட்டாள். நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். பிறகு அவள் தன் துணிக்கட்டைச் சுட்டிக்காட்டி, என் இரண்டு கண்களையும் சுட்டிக்காட்டினாள். பார்த்துக்கொள் என்று அர்த்தம். தலையாட்டினேன். ஊரில் விட்டு வந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லி, அவள் டெலிபோன் ஆபீசுக்கு டிரங்க் கால் போடப் போனாள். எனக்கு அப்போது பத்து வயது.

எண்பதுகளின் நடுவில், வளைகுடாவில், தேராக் கடைவீதியில் வாப்பாவுக்கு மொத்தத் துணிக்கடை இருந்தது. கீழக்கரையிலிருந்து வந்து பல வருடம் இன்னொருவர் கடையில் நின்று, பிறகு உள்ளூர் அரபி ஒருவரைக் கஃபீலாகப் பிடித்து, அவர் பெயரில் தொடங்கிய கடை. வீடு அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. அந்தக் கோடை விடுமுறையில் உம்மா வயிற்றுப் பிள்ளையோடு படுத்த படுக்கையாக இருந்ததால், பகல் முழுவதும் நான் கடையில்தான் கிடந்தேன்.

எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காக்காரர்கள். அவர்களில் பெரியவள் மொம்பாசாக்காரம்மா. அவளுக்கு நிஜப் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. ஊரில் இரண்டு கடையும் சொந்தமாக ஒரு லாரியும் உண்டு என்பார்கள். ஒன்றுமில்லாமல் தொடங்கியவளாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள், வரும்போது தொழில் பழக ஆறேழு பெண்களைக் கூட்டி வருவாள். கடை மாடியில் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து பாலில்லாத சுலைமானிச் சாயாவை உறிஞ்சிக்கொண்டே அவர்களுக்குப் பாடம் எடுப்பாள். பெண்கள் நின்றுகொண்டே கேட்பார்கள். ஸ்வாஹிலியில் சொல்லி முடித்ததும், பெருமை தாங்காமல் அதையே தன் உடைந்த இந்தியில் வாப்பாவிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுவாள். பள்ளிக்கூடத்தில் இந்தி படித்ததால் எனக்கும் விளங்கும்.

"தெருக்கோடிக் கடை வரைக்கும் நடந்துட்டு அப்புறம் விலை கேளு. உனக்குப் புடிச்சதை வாங்காதே, உன் மாமியாருக்குப் புடிச்சதை வாங்கு. பசியோட பேரம் பேசாதே."

வாப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்புவார். "கேட்டுக்கம்மா. இதெல்லாம் எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தர மாட்டாங்க."

நான் கேட்டுக்கொண்டேன். இரண்டு பாடங்கள் எனக்கு அப்படியே மனப்பாடம். ஒன்று, வாங்கிய சரக்கை விட்டு ஒரு அடி நகராதே, பசித்தால் அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிடு. இன்னொன்று, வாங்குகிறவள் கேட்பதற்கு முன்பே அவளுடைய வேலையில் ஒன்றைக் குறைத்துக் கொடு, அடுத்த முறை அவள் கால் தானாக உன் கடைக்கு நடந்து வரும்.

சைனபுவுக்கு அது முதல் பயணம். ஊரில் பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டில் முதல் எடுப்பு அவளுக்குக் கிடைத்தது. தையல் மிஷினையும் விற்று அதோடு சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். மொம்பாசாக்காரம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. முதல் சரக்கில் போட்ட பணத்தைத் தொலைத்தவளை மறுமுறை அழைத்து வரமாட்டாள். இதை வாப்பாவே உம்மாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் சைனபு மூன்று நாள் தெருத்தெருவாக நடந்து, நாற்பது ஜோடி லேசோ வாங்கினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

லேசோ என்பது மொம்பாசாப் பெண்கள் இடுப்பிலும் தோளிலும் கட்டும் பருத்தித் துணி. சுற்றிலும் பட்டையான கரை, நடுவில் பெரிய பூவோ முந்திரிப்பழமோ, கீழே அவர்கள் மொழியில் ஒரு வரி. இரண்டு துணிகள் ஒரே நீளமாக ஒட்டியபடி ஜோடியாக வரும், நடுவில் வெட்டுவதற்கு ஒரு கோடு இருக்கும். சைனபு எடுத்தது சிவப்பும் மஞ்சளும் கலந்தது. அந்த டிசைனில் எங்கள் கடையில் இருந்த கடைசி நாற்பதும் அவளுடையதுதான்.

என்னோடு அவளுக்கு ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. ஆனாலும் அந்த மூன்று நாளில் வறுத்த கடலையை எனக்குப் பாதி பிரித்துக் கொடுத்தாள். தன் மகன் போட்டோவைக் காட்டினாள். ஒரு மத்தியானம் என் தலைமுடியை இருபது முப்பது பொடிச் சடைகளாகப் பின்னிவிட்டாள். உம்மா அதைப் பிரிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. "உன் தலை என்ன கோரைப் பாயா? யாருட்டல்லாம் போய்க் குடுக்குறே!" என்று திட்டிக்கொண்டே பிரித்தாள்.

ஆக, அவள் போன் பேசப் போன நேரத்தில் நான் அவளுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டேன். எங்கள் கடையில் கைலி வாங்கினால் மூட்டித் தருவோம். அடுத்த சந்தில் இருந்த தையல்காரரிடம் கொடுத்து வாங்கி, கூலி வாங்காமல் கொடுப்பார் வாப்பா. ஊர்க்காரர்கள் அதற்காகவே எங்களைத் தேடி வருவார்கள். இரண்டாவது பாடமும் இதைத்தானே சொல்கிறது? வாப்பா சரக்கு ஏற்றும் லாஞ்சுக்காரரைப் பார்க்க க்ரீக் படகுத்துறைக்குப் போயிருந்தார். கடையில் வேலை பார்த்த பரமக்குடி அண்ணன் கீழே ஒரு கூட்டத்துக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். நான் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்தேன். கோடு பிசகாமல் வெட்டினேன். மெல்லிய பருத்தி, கத்தரியைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. நாற்பதையும் வெட்டி, பழைய மடிப்பிலேயே மடித்து, துணிக்கட்டுக்குள் திரும்ப அடுக்கினேன். விரல் கன்றிப்போனது. அவள் வந்தபோது சொல்லவில்லை. ஊருக்குப் போய்ப் பிரிக்கும்போது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்தேன்.

மத்தியானம் கடை சாத்தி, நாலரைக்குத் திறந்தோம். இரவுக்குள் மூட்டைகள் லாஞ்சில் ஏற வேண்டும். பெண்களுக்கு மறுநாள் பிளேன். கோணி தைப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டின் நடுவிலும் கையை விட்டு ஒரு துணியை உருவிப் பார்ப்பது மொம்பாசாக்காரம்மாவின் வழக்கம். சைனபுவின் துணிக்கட்டுக்குள் கையை விட்டாள். ஒற்றைத் துணி வந்தது. இன்னொன்றை உருவினாள். அதுவும் ஒற்றை. பிறகு கட்டையே கவிழ்த்தாள்.

வெட்டிய லேசோ அவர்கள் ஊரில் பழைய லேசோ. கட்டிக் கழித்ததற்குச் சமம். கல்யாணத்துக்குக் கொடுக்க முடியாது, மாமியாருக்குக் கொடுக்க முடியாது, கடையில் விரித்து வைக்கவும் முடியாது. வாங்கியவள் தன் வீட்டில் உட்கார்ந்து தானே கத்தரி போட்டு, ஓரம் தைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பரமக்குடி அண்ணன் பின்னாளில் எனக்குச் சொன்னார். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம், சைனபு துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெட்டிய ஓரத்தோடு ஓரத்தைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தாள் என்பதுதான். ஒட்டிவிடும் என்பதுபோல.

வாப்பா பரமக்குடி அண்ணனைப் பார்த்தார். அவர் பதறிப்போனார். "சத்தியமா நான் தொடலை பாய். எம் புள்ளை மேல சத்தியம்!"

மொம்பாசாக்காரம்மா நிமிர்ந்தாள். ஜன்னல் ஓரத்தில் கிடந்த கத்தரியைப் பார்த்தாள். பிறகு என் நீலக் கவுனைப் பார்த்தாள். மடி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக நூல் பிசிறு. அவள் என் அருகில் வந்து, தூசி தட்டுவதுபோல இரண்டு கையாலும் என் மடியைத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே வாப்பாவிடம் இந்தியில் சொன்னாள்:

"சைனபுவே வெட்டியிருக்கா பாய். புதுசு, ஒண்ணும் தெரியாது. வேலை மிச்சம்னு நெனச்சுட்டா. உங்க கடை மேல குத்தம் இல்லை."

வாப்பா தரையில் விழுந்த பிசிறைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா," என்றார். "பாவம். போகப் போகக் கத்துக்குவா." பிறகு அண்ணனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் சாயா வாங்கி வரச் சொன்னார்.

சைனபுவுக்கு இந்தி தெரியாது. பஞ்சாயத்தில் தன் முறை வரும் என்று காத்திருப்பவள்போல இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மொம்பாசாக்காரம்மா அவளிடம் ஸ்வாஹிலியில் இரண்டே வார்த்தை சொன்னாள். சைனபு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாப்பா குனிந்து, "கலாஸ், கலாஸ்," முடிந்தது முடிந்தது என்று சிறு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். சாயா வந்தது. அவள் குடிக்கவில்லை.

எனக்குக் காய்ச்சல் விட்டதுபோல இருந்தது. மொம்பாசாக்காரம்மா என் மேல் இருந்த பிரியத்தில் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நம்பினேன். வாப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்றும் நம்பினேன்.

போன மாதம் என் மகள் சாப்பிட்டுக்கொண்டே ஆபீஸ் கதை சொன்னாள். அவள் அனுப்பிய தவறான கணக்குக்கு, புதிதாகச் சேர்ந்த பெண்ணை மேலதிகாரி பொறுப்பாக்கிவிட்டாராம். "நீ எதுவும் சொல்லலையாம்மா?" என்று கேட்டேன். "அவங்களே முடிச்சிட்டாங்க உம்மா. நான் எதுக்கு நடுவுல போகணும்?" என்று ரசம் ஊற்றிக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் சரியில்லை.

இந்த வயதில் யோசித்தால், மொம்பாசாக்காரம்மாவைக் கெட்டவள் என்று முடித்துவிட முடியவில்லை. வேறு எந்தக் கடையிலும் அந்தப் பெண்களை மாடியில் உட்கார்ந்து சரக்குப் பிரிக்க விடமாட்டார்கள். புது டிசைன் வந்தால் அவள் வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்ததும் மூட்டைகளை லாஞ்சில் ஏற்றி அனுப்பும் பொறுப்பை ஏற்றதும் வாப்பா ஒருவர்தான். கடைக்காரரின் பிள்ளையைக் குற்றம் சொல்லிவிட்டு அந்தக் கடைப் படியில் மறுபடி ஏற முடியுமா? அவளை நம்பி இன்னும் ஆறு பெண்கள் நின்றிருந்தார்கள். ஆறு பேருக்காக ஒருத்தியைக் கொடுத்தாள். வாப்பா வாங்கிக்கொண்டார். அதுவும் ஒரு பாடம்தான், ஆனால் அவள் மூட்டை மேல் உட்கார்ந்து அதை யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து அவள் வந்தபோது கூட்டத்தில் சைனபு இல்லை. வாப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, புது டிசைன் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த எந்தக் கூட்டத்திலும் அவள் இல்லை. வாப்பா இறக்கும்வரை நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் நான் அவளை இன்னொரு முறை பார்த்தேன். துணி வெட்டியதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. கடை விடுமுறை. வாப்பா ஜும்ஆவுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது. திறந்தால் சைனபு. தனியாக வந்திருந்தாள். இரண்டு மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. இன்னும் சில மணி நேரத்தில் அவளுக்குப் பிளேன்.

நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். சட்டைப் பொத்தானில் வைத்த கை அங்கேயே நின்றது. முந்திய இரவு அவளைப் பேசாமல் இருக்க வைப்பதற்காக, வெட்டியது கடைக்காரரின் மகள்தான் என்பதை மொம்பாசாக்காரம்மா அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தங்கியிருந்த இடத்தில் யாரையோ பிடித்து அவள் நாலைந்து இந்தி வார்த்தைகள் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். சொல்வதற்கு முன் உதட்டுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

அவள் சொன்னதைக் கேட்டு அன்று எனக்கு நிம்மதிதான் வந்தது. தப்பித்தோம் என்பதைத் தவிர வேறெதுவும் விளங்கவில்லை. அந்த வீட்டில் யாரும் என்னைத் தண்டிக்க நினைத்திருக்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது என்பதும், வாப்பா ஏன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார் என்பதும் விளங்க எனக்கே ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. அவர் பதில் சொல்லாததால் தன் இந்தி புரியவில்லையோ என்று பயந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, சைனபு திரும்பவும் சொன்னாள்:

"பாய், குழந்தையை அடிக்காதீங்க."