குந்தாரப்பள்ளியில் நின்ற கார்

வினோதாவுக்குத் தயங்கிப் பழக்கமில்லை. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. லைன் இன்சார்ஜ் ஆக்குகிறோம், ஆனால் இரண்டாம் ஷிப்டும் பார்க்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னதும் "சரி சார்" என்றுவிட்டாள். மத்திகிரி தாண்டி இருக்கும் தன் ஊருக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது என்பதே வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. ஸ்கூட்டர் பேச்சை எடுக்க முடியாது. ஒருமுறை லாரி உரசி அவள் விழுந்தபோது, அதை விற்ற பிறகுதான் மாமியார் செல்வம்மாள் சோற்றில் கை வைத்தாள்.

ஆகவே ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார் வாங்குவதென்று முடிவு செய்தாள்.

"ஒருவாட்டி சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் போவும்?" என்றார் மாமனார் திம்மராயன்.

"கம்பெனிக்கு நாலஞ்சு நாள் போய்ட்டு வரலாம் மாமா."

"நான் அதையா கேட்டேன்? சிங்காரப்பேட்டைக்குப் போய்ட்டு ஒரே மூச்சுல திரும்பி வருமா?"

அங்கேதான் அவர்கள் குலதெய்வம். வருஷத்துக்கு ஒரு பொங்கல் வைப்பார்கள். அந்த ஒரு நாளை வைத்தே ஊரில் உள்ள வண்டிகளையெல்லாம் எடைபோடுகிறவர் திம்மராயன். அவர் கேட்ட தூரம் ஓடும் கார் அவர்கள் கைக்கு எட்டாது. எட்டும்வரை காத்திருந்தால் இன்சார்ஜ் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அந்த ஒரு நாளைக்கு வாடகை வண்டி எடுத்துக்கலாம் மாமா."

"சாமி கும்பிட வாடகை வண்டியா? நீ வாங்கு, வேணாங்கல. பொங்கலுக்கு இதுலதான் போறோம். நடுவழில நின்னுச்சு, வித்துடணும்."

"நிக்காது மாமா," என்றாள் வினோதா.

கார் வந்தது, பதவியும் வந்தது. இரண்டாம் ஷிப்டு முடிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு வரும் அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கே அவளுக்கானது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படியொரு நேரம் அவளுக்கு வாய்த்ததில்லை.

பொங்கலுக்கு மூவரும் கிளம்பினார்கள். கணவன் அன்புமணிக்கு லீவு கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரியில் நிறுத்தி சார்ஜ் போட்டுக்கொண்டு போவதுதான் வினோதாவின் திட்டம். ஓசூர் இருப்பது மேட்டில், கிருஷ்ணகிரி பள்ளத்தில். இறக்கத்தில் எலெக்ட்ரிக் கார் பேட்டரியை அதிகம் தின்னாது, கொஞ்சம் திருப்பியும் கொடுக்கும். கிருஷ்ணகிரி வந்தபோது மீட்டர் பேருக்குத்தான் இறங்கியிருந்தது.

"அட, தேவலையே! இதுக்கு எதுக்கு நிக்கணும்? வுடு, போலாம்," என்றார் திம்மராயன்.

அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். வினோதா உருகிப்போய் நிறுத்தாமல் ஓட்டினாள். பொங்கல் வைத்து, வயல் நடுவே இருந்த கோயிலிலேயே தங்கினார்கள். அங்கே பிளக்குக்கு எங்கே போவது? மறுநாள் காலை திரும்பும்போதும், வந்தபோது இந்தத் தூரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்ற தெம்பில் கிருஷ்ணகிரியை நிற்காமல் கடந்தாள். இறங்கி வந்த வழியை இப்போது ஏற வேண்டும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

ஊரைத் தாண்டியதும் மீட்டர் மளமளவென்று இறங்கியது. சூளகிரி ஏற்றம் இன்னும் வரவே இல்லை. ஏசியிலும் அவளுக்கு வியர்த்தது. குந்தாரப்பள்ளியில் ஒரு ஓட்டல் வாசலில் இருந்த சார்ஜருக்கு வண்டியைத் திருப்பினாள்.

"கொஞ்ச நேரம் நிக்கணும் மாமா. தப்பு என்னுதுதான். ஏத்தத்த மறந்துட்டேன்."

திம்மராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அன்று அங்கே மாட்டுச் சந்தை.

"போச்சு. ஊட்டுக்குப் போனதும் வித்துட்டுத்தான் மறுவேலை பாப்பாரு," என்றாள் செல்வம்மாள்.

வினோதா சார்ஜர் பக்கத்திலேயே நின்றாள். வேலை போவதை விட, பாட்டுக் கேட்டபடி வீடு வரும் அந்தக் கொஞ்ச நேரம் போய்விடுமே என்றுதான் தவித்தாள். தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

திம்மராயன் திரும்பி வந்தபோது அவர் பின்னால் ஒரு குட்டியானை வந்தது. அந்தச் சின்ன சரக்கு வண்டியில் ஒரு கறுப்புப் பசு நின்றது.

"இந்த மாதிரி கறுப்புப் பசுவ எத்தினி சந்தையில தேடினேன்! மாட்டுக்காரன் தெலுங்கு ஆளு, தெலுங்குலயே பேசி முடிச்சிட்டேன். வண்டியும் இங்கியே வாடகைக்குக் கிடைச்சுது," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

வினோதாவுக்குத் தன் பழைய வாய் திரும்பி வந்தது. "ஏன் மாமா, மாடு ஏத்தறதுக்குன்னு நாமளே ஒரு குட்டியானை வாங்கி ஊட்ல நிறுத்தியிருக்கலாமில்ல?"

"உனக்கென்ன பைத்தியமா? என்னிக்கோ ஒரு நாள் மாடு வாங்கறதுக்கு எவனாச்சும் குட்டியானை வாங்குவானா? வாடகை வண்டி எதுக்கு இருக்குது?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முதலில் சிரித்தவள் செல்வம்மாள். திம்மராயன் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றார்.

"நாளைக்கு உனக்கு எந்த ஷிப்டு?"

"ரெண்டாவது, மாமா."

"அப்டின்னா சார்ஜ நல்லா ரொப்பிக்கினு வா. அவசரமில்ல." மாட்டுக்குத் துணையாகக் குட்டியானையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.