கஞ்சி விற்கப் படித்த பிரெஞ்சு

1984 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஏழரை. மலேசியாவின் ஈப்போ நகரில் விடாத தூறல். என் மகளை ஒரு விமான நிறுவனம் பணிப்பெண்ணாகத் தேர்ந்தெடுத்திருந்தது. பிரெஞ்சுப் பயணிகளிடம் உணவும் பானமும் விற்பதற்கான வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். உள்ளறையில் அவள் அம்மா படுத்திருந்தாள். வயிற்றுக் கட்டியை அறுப்பதற்குமுன் நான்கு கிலோவாவது எடை கூட வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்கோ சாப்பாடே இறங்கவில்லை.

என் மனைவி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகே தட்டைத் தொடுவாள். படுத்த பின்னும் அதே பிடிவாதம். நான் சாப்பிட்டு வருவதற்குள் பசி போய்விட்டது என்பாள்.

மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு போய்க் குனிந்தாள். "வூ தெசிரே ப்வார் கெல்க் ஷோஸ்?"

"என்னாடி உளர்றே?"

"குடிக்க ஏதாச்சும் வேணுமான்னு கேக்குறேன், மேடம்."

"எவ்வளவுலா?"

"அஞ்சு ஃப்ராங்."

"கஞ்சிக்கா? பீடோர் டவுன் கடையில காப்பியே அறுவது காசுதான், கொள்ளக்காரி!"

சிரித்துக்கொண்டே தலையணைக்கடியிலிருந்து பத்துக் காசு எடுத்துக் கொடுத்தாள். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வருமா? பாதிக் கிண்ணம் குடித்தாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

ஆறு வாரம் இப்படியே விற்பனை நடந்தது. ஒன்றரைக் கிலோ கூடியது. பிறகு மகளுக்கு வேலை உத்தரவு வந்தது.

"நான் போவலம்மா."

"போடி. நான் என்னா பச்சப் புள்ளையா? அப்பா இருக்காருல்ல."

அப்பா இருந்தேன். அதே வாக்கியத்தைப் படித்துக்கொண்டு கிண்ணத்தை ஏந்திப் போனேன். அவள் பதறி எழப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க எனக்கு ஏந்திட்டு நிக்கிறதா? மொதல்ல நீங்க சாப்புடுங்க."

அவளுக்காக நான் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை. என் எடைதான் கூடியது.

டிசம்பரில் தண்ணீரையும் மறுத்தாள். ஒரு மாலை, மகள் தங்கியிருந்த பாரிஸ் ஹோட்டலுக்கு டிரங்க் கால் போட்டு, வயரை இழுத்து, ஃபோனை அவள் காதில் வைத்தேன். மகள் அங்கிருந்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது எனக்கே கேட்டது. இவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். மூன்று கரண்டி இறங்கியது. நான்காவதை எடுப்பதற்குள் பதிவு செய்த மூன்று நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது. இரைச்சலைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை நடக்கவேயில்லை. அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் ஃபோன் பில் வந்தது. அந்த மூன்று நிமிடத்துக்கு முப்பத்தாறு வெள்ளி நாற்பது காசு.