நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மடிப்பு

மெர்கோங் லட்சுமி அக்கா தபாலில் அனுப்பிய பழைய நாவல் இன்று காலை பாடாங் செராயில் என் கைக்கு வந்துவிட்டது. நம் வாசிப்புக் குழுவில் இதைப் படிக்கும் ஐந்தாவது ஆள் நான்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்திலும் இதே பிரதி ரப்பர் தோட்டத்துக்குத் தோட்டம் தபாலில் சுற்றியிருக்கிறது. படித்து முடித்தவர்கள் பின்னட்டையின் உள்பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கடைசிப் பெயர் பீடோங் தோட்டத்து முத்தம்மா. கையெழுத்து இல்லை. பென்சிலில் எழுதியிருக்கிறார்:

"நானும் அவரும் சேந்துதான் படிக்கிறோம். பாதியில அவர சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. வந்ததும் மீதியப் படிச்சிட்டு அனுப்புறேன். கோவிச்சுக்காதீங்க."

112ஆம் பக்கத்தின் முனை இன்னும் மடிந்தே இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் அதுவரை படித்துவிட்டேன். அதற்குமேல் புரட்டக் கை வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"முடிவு என்னாக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி? மடிப்போட நிறுத்திட்டேன் லா. எனக்கு முன்னாடி படிச்ச மூணு பேரும் அப்படித்தான்."

நாளை தபாலில் போடுகிறேன். அடுத்து யார்? முகவரி அனுப்புங்கள்.

முடிவு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள். முத்தம்மா வீட்டுக்காரர் இன்னும் வந்து சேரவில்லை.