எமில் பார்க்காத கார்ட்டூன்

சனிக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் எமில் ஹார்ட்விக் நிலவறைக்கு இறங்கி, கூரையை ஒட்டியிருக்கும் குட்டி ஜன்னல்களைப் பழைய கம்பளியால் மூடுவார். எவன்ஸ்வில் நகரத்தின் அந்தத் தெருக்காரர்களுக்கு அதுவே அழைப்பு. கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக வந்து இறங்குவார்கள். பனிச்சேற்றை மிதியடியில் தேய்க்காமல் வருபவர்களை எமிலின் மனைவி லுவெல்லா படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவார்.

எமில் நகரப் பேருந்து ஓட்டுநர். வீட்டுச் செலவு போக மிஞ்சியதையெல்லாம் படச்சுருள்களில் போட்டவர். மற்ற வீட்டு நிலவறைகளில் பீச் பழமும் வெள்ளரி ஊறுகாயும் அடுக்கியிருக்கும் அலமாரிகளில், இவர் வீட்டில் தகர டப்பாக்கள் இருந்தன. எல்லாம் அவருடைய இளமைக் காலத்து ஹாலிவுட் படங்கள். தொப்பி போட்ட துப்பறிவாளர்கள், கப்பலில் காதலிப்பவர்கள், படிக்கட்டு முழுக்க நடனமாடிக்கொண்டே இறங்குபவர்கள். அதே படங்கள் தொலைக்காட்சியிலும் வந்தன. ஆனால் சோப்பு விளம்பரத்துக்காக முத்தத்தைப் பாதியில் வெட்டுகிறவனோடு தனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்பார் எமில்.

படத்துக்கு முன்னால் கார்ட்டூன் ஒன்று கட்டாயம். ஒருமுறை புனித போனிஃபேஸ் கோயில் பாதிரியார் வந்திருந்தபோது, படமே நீளமாயிற்றே, கார்ட்டூனை விட்டுவிடலாமே என்று தயவாகக் கேட்டார். எமிலோ அன்றைக்கு இரண்டு கார்ட்டூன் போட்டார்.

இத்தனைக்கும் காரணம் லுவெல்லாவின் சிரிப்பு. அது சட்டென்று வெடிக்கிற சிரிப்பு அல்ல. முதலில் மூக்கில் ஒரு சின்னச் சீறல் வரும். பிறகு தோள் குலுங்கும். சத்தம் கடைசியாகத்தான் வரும், வந்தால் நிற்காது. திரையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள்கூட லுவெல்லாவைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். சோபாவின் ஓரத்தில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில் அவருடைய இடம். எமில் திரையைப் பார்த்ததைவிட அந்த ஓரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

கண்ணில் அழுத்தம் ஏறி, இரண்டு குளிர்காலத்துக்குள் லுவெல்லாவுக்குப் பார்வை போய்விட்டது. ஜன்னல் எது, சுவர் எது என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. அடுப்படியைக் கையால் தடவித் திரும்பக் கற்றுக்கொண்டார். சீட்டுகளின் ஓரத்தைக் கத்தரியால் லேசாக நறுக்கி அடையாளம் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் முன்போலவே கிளாபர் என்ற சீட்டாட்டம் ஆடினார், முன்போலவே ஏமாற்றவும் செய்தார். ஆனால் சனிக்கிழமைகளில் மட்டும் கீழே வர மறுத்தார். சோளம் பொரித்து, கிண்ணங்களைப் படியின் உச்சியில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவார். கீழே எல்லோரும் சிரிப்பார்கள். மேலே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். எமிலுக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அவளை மறுபடி அந்த ஓரத்தில் உட்காரவைக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அவர் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

வழி எளிது என்றுதான் முதலில் நினைத்தார். திரையில் நடப்பதை வாயால் சொன்னால் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, இருவர் மட்டுமாகக் கீழே உட்கார்ந்தார்கள். லுவெல்லாவின் பார்வை போன பிறகு வாங்கிய துப்பறியும் படம். ஆரம்பம் நன்றாகத்தான் போனது. மாளிகையை விவரித்தார், மழையை விவரித்தார். தோட்டக்காரன் வந்ததும், அவன் மேல் ஒரு கண் வைத்துக்கொள் என்றார்.

“அப்ப அவன்தான் கொலகாரன்,” என்றார் லுவெல்லா.

அவனேதான். எமில் படத்தை நிறுத்தினார். சரி, லுவெல்லா பார்க்காத கார்ட்டூன் ஒன்று போடலாம் என்று மாற்றினார். அது இன்னும் மோசம். கார்ட்டூனில் பேச்சே குறைவு. ஓடுவதும் விழுவதும் நசுங்குவதும்தான். அந்தக் கார்ட்டூனை எமில் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. வாத்து அலமாரியைத் திறக்கப் போகும்போதே, உள்ளே இருக்கும் பீரங்கியை நினைத்து அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்ன, என்ன என்று லுவெல்லா கேட்டார். இரு, இப்போது வரும் என்றார் எமில். வந்தபோது இவரால் சிரிப்பில் பேச முடியவில்லை. பேச முடிந்தபோது வாத்து வேறெங்கோ போய்விட்டிருந்தது.

லுவெல்லா எழுந்து, படிக்கட்டின் கைப்பிடியைத் தேடிப் பிடித்தார்.

“எமில், நீ எனக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டு, அங்க நின்னு கையக் காட்டுறே. நான் என்ன உன் பஸ்ஸுல ஏறின ஆளா, அடுத்த ஸ்டாப்பு என்னன்னு நீ கத்துறதுக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எமிலுக்கு அதிகம் உறைத்தது.

அவர் விடவில்லை. பேருந்து ஓட்டும்போதே பயிற்சி எடுத்தார். நடக்கும்போதுதான் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு நொடி முன்னால்கூடச் சொல்லக் கூடாது. மருத்துவமனை நிறுத்தத்தில் வண்டி நின்று, கதவு திறந்து, மூடிய பிறகு “மருத்துவமனை” என்று அறிவித்தார். முட்டி வலிக்காரப் பெண்மணி ஒருவர் அடுத்த நிறுத்தத்திலிருந்து பனியில் திரும்பி நடந்தார். மறுநாள் அவர் வண்டியில் ஏறும்போது எமிலைப் பார்த்த பார்வையில் எமில் அந்தப் பயிற்சியைக் கைவிட்டார்.

அதோடு விஷயமும் புரிந்துவிட்டது. கோளாறு வாயில் இல்லை. என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும், லுவெல்லாவுக்குத் தெரியாது. வாயை எவ்வளவு அடக்கினாலும் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். எனவே அவருக்கும் தெரியாத படம் ஒன்று வேண்டும். அலமாரி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று அவரிடம் கிடையாது. இத்தனை காலம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹெண்டர்சனில் நார்பர்ட் கோல்ப் என்றொரு படச்சேகரிப்பாளர் இருந்தார். இருவரும் நண்பர்கள்தான், ஒருவர் சேகரிப்பை ஒருவர் குறை சொல்லாமல் பிரிந்ததில்லை. மூடிப்போன ஒரு வாடகைப் பட நிலையத்திலிருந்து வாங்கிய பெட்டி ஒன்று நார்பர்ட்டிடம் கிடந்தது. பெயர்ச்சீட்டு கிழிந்துபோன, பெயரே தெரியாத கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்கள். எமிலிடமோ நார்பர்ட் பல வருஷமாகக் கண் வைத்திருந்த வண்ணக் கார்ட்டூன் ஒன்று இருந்தது. மற்றவர்களுடைய வண்ணச் சுருள்களெல்லாம் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்ட நாளில், அது மட்டும் நேற்று அச்சிட்டது போல ரத்தச் சிவப்பும் புல் பச்சையுமாக இருக்கும். எமில் அந்த டப்பாவை அணைத்துக்கொண்டு போய் நார்பர்ட்டின் மேஜையில் வைத்தார்.

“இதக் குடுத்துட்டு அந்தக் குப்பைய வாங்கிட்டுப் போறியா? பஸ் ஓட்டி ஓட்டி மூள குலுங்கிருச்சுடா உனக்கு,” என்றார் நார்பர்ட். ஆனால் கை அதற்குள் டப்பாவின் மேல் இருந்தது.

எமில் ஒரு நிபந்தனை போட்டார். எந்தச் சுருளையும் விரலால் தடவிப் பார்த்து, ஒட்டு விட்டிருந்தால் சரிசெய்துவிட்டுத்தான் எமில் புரொஜெக்டரில் ஏற்றுவார். கிழிந்த படத்தை ஓட்டுவது அவர் அகராதியில் பாவம். இந்த முறை அந்த வேலையை நார்பர்ட் செய்ய வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் மூச்சு விடக் கூடாது.

“விலங்கு எதுன்னு மட்டும் சொல்லட்டுமா?”

“வேணாம்.”

“பறவையா இல்லையான்னு?”

“நார்பர்ட்டு, வாய மூடு.”

அடுத்த வாரம் பெட்டியின் முதல் டப்பாவோடு வந்த நார்பர்ட், வாசலிலேயே நின்று நீட்டிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு காருக்கு ஓடினார். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது அவருக்கு வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை எமிலுக்கு விடுமுறை. இது என்ன படமென்று எனக்கே தெரியாது என்று அவர் சொன்னதை லுவெல்லா நம்பவில்லை. பிறகு, எந்தச் சுருளைக் கொடுத்து இதை வாங்கினார் என்று கேள்விப்பட்டதும், ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறங்கினார்.

எமிலுடைய கவனம் எல்லை மீறியது அங்கேதான். தலைப்பு கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலாலேயே சுருளை மாட்டினார். விளக்கை அணைத்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒலிபெருக்கியிலிருந்து, தொட்டித் தண்ணீர் ஓட்டைக்குள் இறங்குவது போல, நடுநடுவே எக்காளம் விக்கல் எடுப்பது போல, ஒரு சத்தம் வந்தது.

“லூ, ‘முற்றும்’னு போட்டிருக்கு,” என்றார் எமில்.

“அதுக்குள்ளயா?”

“தலகீழா போட்டிருக்கு.”

நார்பர்ட் சுருளைக் கையால் கடைசிவரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்ததைச் சொல்லாமல் அடக்கும் அவஸ்தையில், திருப்பிச் சுற்ற மறந்து அப்படியே டப்பாவில் போட்டுவிட்டார். வால் முன்னே வந்ததால் படம் தலைகீழாகவும் பின்னோக்கியும் ஓடியது. கண்ணைத் திறந்து மாட்டியிருந்தால் எமில் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார். வெட்கம் தாங்காமல் நிறுத்தப் போனார்.

“கைய எடு,” என்றார் லுவெல்லா. “ஓடட்டும். என்ன தெரியுது?”

“ஒரு ஆடு. இல்ல, தாடி வெச்ச ஆளு. இரு, ஆடுதான். கூரைல காலு ஒட்டிக்கிட்டு தொங்குது. பின்னாடியே நடக்குது. கைல பிரஷ்ஷு.”

“பெயின்ட் அடிக்குதா?”

“சுவத்துல இருக்கிற பெயின்ட்ட நக்கி எடுத்து வாளிக்குள்ள போடுது. இப்ப ஒரு ஸ்டேஷன் மாஸ்டரு. மூஞ்சி பூரா பெயின்ட்டு. அய்யோ, அது அப்படியே கெளம்பி... மூஞ்சிலருந்து கெளம்பி பிரஷ்ஷுக்கே திரும்பிப் போகுது. அவரு ஆட்டுக்கு நன்றி சொல்ற மாதிரி தொப்பியத் தூக்குறாரு.”

மூக்கில் அந்தச் சின்னச் சீறல் கேட்டது. எமில் திரும்பிப் பார்க்கத் துடித்தார். பார்த்தால் திரையில் நடப்பதைத் தவறவிடுவார். தவறவிட்டால் சொல்ல முடியாது. அந்த ஓரத்தைப் பார்க்காமல் அவர் ஓட்டிய ஒரே படம் அது. ரயில் வந்து புகையை வானத்திலிருந்து உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டது. உடைந்த பெஞ்சுப் பலகைகள் பறந்துவந்து சேர, அதன்மேல் ஒரு குண்டு அம்மாள் வானத்திலிருந்து வந்து உட்கார்ந்தார், அதுவும் தலைகீழாக. எமில் தடுமாறினார், சொன்னதை மாற்றினார், பாதியில் கத்தினார். சோபாவின் ஸ்பிரிங்குகள் கிறீச்சிடுவது கேட்டது, தோள் குலுங்குகிறது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. இவரும் அதே நேரத்தில்தான் சிரித்தார். பட்டை முடிந்து வெள்ளை வெளிச்சம் திரையில் விழுந்த பிறகும் இருவரும் நிற்கவில்லை.

எமில் சுருளைத் திருப்பிச் சுற்ற உட்கார்ந்தார். லுவெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீ ஒண்ணும் தெரியாத ஆளா இருக்கறப்ப நல்லாத்தான் சொல்றே,” என்றார்.

மீதிப் பெட்டியைப் புதன்கிழமைகளுக்கென்று வைத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. கொஞ்ச நேரம் கழித்து லுவெல்லா வேறொன்று கேட்டார்: இந்தச் சனிக்கிழமைப் படத்தைப் பக்கத்து வீட்டு மேவிஸ் பார்த்திருக்கிறாளா? எமில் யோசித்துப் பார்த்து, இல்லை என்றார்.

“அப்ப அவ எனக்குச் சொல்லட்டும். நீ மெஷினப் பாத்துக்க.”

எமிலுக்குச் சுருக்கென்றது. மேவிஸுக்குக் கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் வித்தியாசம் தெரிய அரைமணி நேரம் ஆகும். இருந்தாலும் தலையாட்டினார். தலையாட்டியது அவளுக்குத் தெரியாதே என்று பிறகு நினைவு வந்து, சரி என்று வாயைத் திறந்து சொன்னார்.

சனிக்கிழமை நிலவறையில் சண்டை நடக்காத குறை. லுவெல்லா பக்கத்தில் உட்கார, தானும் படத்தைப் பார்த்ததில்லை என்று ஆளாளுக்குச் சாதித்தார்கள். போன வருஷம் இதே படத்துக்கு அழுதவர்கள்கூட. மேவிஸ் யாருக்கும் இடம் விடவில்லை. சோளப்பொரியை மென்றுகொண்டே கதை சொன்னார். தொப்பியை வைத்து ஆளை மாற்றிச் சொன்னார். செத்தவனைத் தூங்குகிறான் என்றார். பின்னால் நின்ற எமில், இயந்திரத்தின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, தனக்கு மனப்பாடமான படத்தை முழுக்கத் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திருத்தவில்லை. கதாநாயகி பெட்டிக்குள் ஒளியும் இடத்தில் லுவெல்லா மேவிஸின் கையைப் பிடித்துக்கொண்டதை அந்த மங்கல் வெளிச்சத்தில் பார்த்தார்.

முதல் சுருள் முடிந்தது. விளக்கைப் போட்டதும் கொலைகாரன் யாரென்று வாக்குவாதம் கிளம்பியது. எல்லோரும் எமில் பக்கம் திரும்பினார்கள். அவர் குனிந்து அடுத்த டப்பாவைத் திறந்தார்.

“என்ன எமில், இன்னுமா மாட்டுறே?” என்று முதலில் குரல் கொடுத்தது லுவெல்லாதான்.