டேட்டா செலவில்லாமல் இடம்மாறிய கல்யாணப் படங்கள்

தங்கச்சி மகளின் கல்யாணப் படங்கள் கிடந்த இணையக் கணக்கு இன்றோடு மூடப்படுகிறது.

"இறக்கித் திருப்பி ஏத்த ரெண்டு நாளாகும், காக்கா," என்றார் என்னை அண்ணன் முறை வைத்து அழைக்கும் கல்முனைக்குடிக் கணினிக் கடைக்காரர்.

"ஏன் இறக்கணும்? அங்கயிருந்து என்ட கணக்குக்கு நேரே அனுப்பலாம்," என்றேன். இந்த வித்தை தெரிந்தவர்கள் கல்முனையில் இரண்டே பேர். மற்றவர் கட்டாருக்குப் போய்விட்டார்.

அவர் தந்த பால் விடாத பிளேன்டீ ஆறுமுன் நாலாயிரம் படமும் போய்ச் சேர்ந்தன.

தங்கச்சி அழைத்தாள். "காக்கா! ஆம்புளையள் பார்க்கக் கூடாத பொம்புளப் பக்கத்துப் படமெல்லாம் உங்கட கிரிக்கெட் கிளப் போல்டர்ல கிடக்காம். எங்கட வீட்டுக்காரர், உங்கட மச்சான், சொல்றார்!"

கிளப் ஆட்கள் படம் பார்க்கவும் என் கணக்கைத்தான் திறந்து கொடுத்திருந்தேன்.

"படம் தப்பிட்டுத்தானே, புள்ள?" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

உடனே வேறிடத்துக்கு மாற்றிவிட்டேன். கிளப்பில் ஒருவரும் திறக்கவில்லையாம். கிளப் நண்பர்களே, திறக்காதவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே பெயரைப் போடுங்கள். தங்கச்சி உங்கள் மனைவிமாரிடம் விசாரிக்கப் போகிறாள்.